துருவை எதுவரை சுரண்டுவது?

மதுரைக்காரர்களுக்கு 'டேங்க்' என்றால் தண்ணீர்தான். மொட்டைமாடியில் நிற்கும் கறுப்பு சின்டெக்ஸ், அது இல்லையென்றால் கண்மாய். ஆங்கிலத்தில் எழுதும்போது வண்டியூர் கண்மாயும் டேங்க், மாரியம்மன் தெப்பக்குளமும் டேங்க். அந்தச் சொல்லே குஜராத்தி, போர்த்துக்கீசிய மொழிகளின் வழியாக இங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போயிருக்கலாம் என்று சொல்லாய்வாளர்கள் சொல்வதுண்டு.

1915-ல் பிரிட்டனில், சங்கிலிப் பட்டையின் மேல் ஊர்ந்துபோகும் ஒரு இரும்புக் கவச வண்டியை ரகசியமாகக் கட்டத் தொடங்கினார்கள். செய்தி வெளியே கசிந்துவிடக் கூடாதே என்று, இது தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் ஃப்ளெர் கிராமத்தருகே அந்தத் தொட்டிகள் முதன்முதலாகப் போருக்குள் நுழைந்தன. ஆக, டாங்கியின் கதை ஒரு பொய்யான பெயர்ப்பலகையில்தான் தொடங்குகிறது. நூறு வருடம் கழித்து அருங்காட்சியகத்தில் அதன் முன்னால் நாம் வைக்கிற பெயர்ப்பலகையாவது உண்மையைச் சொல்கிறதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

உலகம் முழுக்க இப்போது பழைய போர் வண்டிகளை மீட்டெடுக்கிறார்கள். சகதியிலிருந்தும் கடலடியிலிருந்தும் காயலான் கடையிலிருந்தும் இழுத்துவந்து, துரு நீக்கி, பெயின்ட் அடித்து, முடிந்தால் எஞ்சினையும் ஓடவைத்து மக்கள் பார்க்க நிறுத்துகிறார்கள். வரலாற்றைப் பாதுகாக்கிறோம், அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கிறோம் என்கிறார்கள். யூட்யூபில் இதற்கென்றே ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. நானும் அதில் ஒருவன். ராத்திரி ஒரு மணிக்கு, எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒருத்தர் எழுபது வருஷத் துருவேறிய போல்ட்டைச் சூடுகாட்டிக் கழற்றுவதை நாற்பது நிமிடம் அசையாமல் பார்த்திருக்கிறேன். போல்ட் கழன்று வரும்போது ஒரு நிம்மதி வருகிறதே, அது என்ன நிம்மதி? கொல்வதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளை, அது புதிதாக இருந்த நாளின் அழகுக்குத் திருப்பிக் கொண்டுபோவதில் நமக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?

*

இரண்டு டாங்கிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, டைகர் 131. இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் டாங்கி. 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷ் குண்டு ஒன்று பட்டு அதன் மேல்கூண்டு சுழலாமல் சிக்கிக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் வண்டியை விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்ததால் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்து ஆராய்ந்தார்கள். பிறகு போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1990-ல் அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கி, பத்து வருடங்களுக்கும் மேல் செலவிட்டார்கள். இன்று அது ஓடுகிறது. 'ஃப்யூரி' படத்தில் (2014) வருவது இந்த டைகர்தான். அருங்காட்சியகம் 'டைகர் டே' என்று விழா வைத்து அதை ஓட்டிக்காட்டுகிறது. ஆயிரக்கணக்கானவர்கள் டிக்கெட் வாங்கி வந்து பார்க்கிறார்கள்.

இரண்டாவது, டெபோரா. முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் மார்க்-4 டாங்கி, எண் டி51. 1917 நவம்பர் 20 அன்று, பிரான்சில் காம்ப்ரே போரின் முதல் நாளில், ஃப்ளெஸ்கியேர் என்ற கிராமத்தில் குண்டுகள் துளைத்து நின்றது. உள்ளே இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் செத்தார்கள். பிறகு டாங்கியை ஒரு பள்ளத்தில் தள்ளிப் புதைத்துவிட்டார்கள். ஊரும் மறந்துவிட்டது. பல வருடங்கள் கழித்து உள்ளூர் ஆய்வாளர் ஒருவர் அதைத் தேட ஆரம்பித்தார். சிறுமியாக இருந்தபோது ஒரு டாங்கியைக் குழிக்குள் தள்ளியதைப் பார்த்ததாக ஒரு மூதாட்டி சொன்னதுதான் பிடிமானம். 1998-ல் தோண்டி எடுத்தார்கள். துருவேறி, ஒரு பக்கம் பிய்ந்து, உள்ளே இருந்தவர்களைக் கொன்ற குண்டுகளின் ஓட்டைகளோடு வெளியே வந்தது டெபோரா.

அதற்கு யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. ஓட்டையை அடைக்கவில்லை. 2017 நவம்பரில், போர் நடந்து நூறு வருடம் நிறைந்தபோது, அதற்கென்று ஒரு சிறிய அருங்காட்சியகம் கட்டி அப்படியே உள்ளே நிறுத்தினார்கள். கட்டிடத்தை ஒட்டியே ஒரு போர்க் கல்லறை. அந்த ஐந்து பேரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

டைகரைப் பார்க்கப் போகிறவர் அதன் சத்தத்தைக் கேட்டுத் திரும்புகிறார். டெபோராவைப் பார்க்கப் போகிறவர் ஓட்டையைப் பார்த்துவிட்டு, கல்லறைக்கு நடந்து போய்ப் பெயர்களைப் படித்துத் திரும்புகிறார். இரண்டுமே பாதுகாப்புதான், இரண்டுமே கல்விதான். ஆனால் இரண்டும் ஒரே பாடத்தையா நடத்துகின்றன?

*

ஓட்டிக்காட்டுகிறவர்கள் தரப்பை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அதன் நியாயத்தை எனக்கு அழுத்தமாகச் சொன்னவர் போவிங்டன் ஆள் இல்லை, ஆரப்பாளையம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன். பழைய ஜாவா, எஸ்டி, புல்லட் எல்லாம் எடுத்துச் சரிபண்ணிக் கொடுப்பார். கிடைக்காத பாகத்தை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கிவிடுவார்.

"அண்ணே, இந்த வண்டிய ஒருத்தர் வீட்டு ஹால்ல ஷோவுக்கு வைக்கப்போறேன்னு கேட்டா குடுப்பீங்களா?"

"குடுக்கலாம் தம்பி, காசு அவன் காசு. ஆனா ஓட்டாத வண்டி பொணம். ஆயில் சீல் காஞ்சு போயிரும், பிஸ்டன் புடிச்சுக்கும். அதவிட, இதக் கழட்டி மாட்டத் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன். வண்டி ஓடுனாத்தான் என்ட்ட ஒரு பய வந்து கத்துக்குவான். நிப்பாட்டிட்டா வண்டியும் போச்சு, வேலையும் போச்சு."

ரொம்ப ஆழமான வாதம் இது. ஒரு எந்திரத்தைப் பாதுகாப்பது என்றால் அதன் இரும்பை மட்டும் பாதுகாப்பதில்லை, அதைச் செய்தவர்களின் கை அறிவையும் பாதுகாப்பது. இரண்டாவது இல்லாமல் முதலாவதை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? என் வேலையிலும் இதே கதைதான். இருபது வருடத்துக்கு முந்தைய நிரல் ஒன்று எங்கோ ஒரு சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும்வரை, அதைப் புரிந்துகொள்ள ஒரு ஆள் தேவைப்படுவார். அதை நிறுத்திக் கோப்பாகச் சேமித்துவைத்த மறுநாளிலிருந்து அது ஒரு புதைந்த மொழி.

மதுரைக்கு இந்தக் கை அறிவும் போரும் சேர்ந்த ஒரு கதையே உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. மதுரையைத் தளமாகக் கொண்டு பஸ் ஓட்டிக்கொண்டிருந்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டும் சாதனத்தைத் தயாரித்தது. டிவிஎஸ் கேஸ் பிளான்ட் என்று பெயர். அப்படிப்பட்ட ஒரு பஸ்ஸைக் கண்ணாடிக் கூண்டில் பார்ப்பதைவிட, கரி போட்டுப் புகை கக்க ஓட்டிப் பார்ப்பது நூறு மடங்கு கற்றுக்கொடுக்கும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் பஸ்ஸும் டாங்கியும் ஒன்றா? ஜாவாவை ஓடவைத்தால் ஜாவா எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை முழுக்கச் செய்துகாட்டுகிறது. டாங்கியை மைதானத்தில் ஓட்டினால், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்துகாட்டுகிறது. ஊர்கிறது, உறுமுகிறது, மேட்டில் ஏறி இறங்குகிறது. செய்யாத ஒரே காரியம், அதன் காரியம். அந்த இடத்தைப் பார்வையாளரின் மனம் எதைக் கொண்டு நிரப்பும்? சினிமாவைக் கொண்டு. பண்ணைக்குள் ஓடும் டிராக்டரைப் பார்க்கிற அதே குதூகலத்தோடு ஒரு குழந்தை டைகரைப் பார்த்தால் தப்பு குழந்தை மேல் இல்லை.

*

இந்த விஷயத்தில் தமிழில் இரண்டாயிரம் வருடப் பழமையான ஒரு காட்சி இருக்கிறது. புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். ஔவை பார்க்கிறார். உன் ஆயுதங்கள் பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன, எங்கள் ஆளுடையவை நுனி உடைந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்ற பொருளில் ஒரு வரியும் குரல் உயர்த்தாமல் சொல்லிவிடுகிறார்.

பள்ளிக்கூடத்தில் இதைப் புகழ்வதுபோலப் பழிப்பதற்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது படித்தால், தமிழில் எழுதப்பட்ட முதல் அருங்காட்சியக விமர்சனம் என்றே தோன்றுகிறது. ஔவை கண்டுபிடித்த விஷயம் இதுதான்: பளபளக்கும் ஆயுதம் போரைப் பற்றி எதுவும் சொல்லாது. சொல்வது உடைந்த நுனி.

ஔவை அங்கேயே நின்றுவிடுகிறார் என்பதும் உண்மை. உடைந்த நுனி அவருக்கு அதியமானின் வீரத்தைச் சொல்கிறது. அந்த நுனி எந்த உடம்பில் உடைந்தது என்று அவர் கேட்கவில்லை. தூதர் வேலைக்குப் போனவர், அதைக் கேட்கவும் முடியாது. நாம் தூதர் இல்லை, நமக்குக் கேட்க நேரம் இருக்கிறது.

*

மதுரையில் தமுக்கத்துக்குப் பக்கத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனை. 1959 ஏப்ரலில் நேரு திறந்துவைத்தார். பள்ளிச் சுற்றுலாவில் போகாத மதுரைப் பிள்ளைகள் குறைவு. அங்கே பார்த்ததெல்லாம் மறந்தாலும் ஒன்று மறக்காது: சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த துணி, ரத்தக் கறையோடு.

அந்தத் துணியை 'ரீஸ்டோர்' பண்ணுங்கள் என்று யாராவது சொல்வார்களா? துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி போட்டு, 1948 ஜனவரி 30 காலையில் அது எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவந்து மாட்டினால்? தொழில்நுட்பப்படி அதுதான் அசல் நிலை. நெய்தவர் நெய்த நிலை. ஆனால் அப்படிச் செய்த நொடியில் அது எந்தக் கதர்க் கடையிலும் கிடைக்கும் ஒரு துணி ஆகிவிடும். அங்கே கறைதான் பொருள். துணி கறையைத் தாங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

டாங்கியில் குண்டு துளைத்த ஓட்டையும் அதே கறைதான். ஒரு வண்டியை மீட்டெடுப்பவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எந்த நாளுக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோவது என்பது. தொழிற்சாலையை விட்டு வந்த நாளுக்கா? சண்டையில் அடிபட்ட நாளுக்கா? தோண்டி எடுத்த நாளுக்கா? மணலைப் பீய்ச்சித் துருவை உதிர்த்தால் அதோடு சேர்ந்து பழைய பெயின்ட் அடுக்குகளும் போகும். அந்த அடுக்குகளுக்கு நடுவில், உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு பையன் சாக்பீஸில் கிறுக்கிய பெயர் இருந்திருந்தால் அதுவும் போகும். திரும்ப வராது.

மென்பொருள்காரர்களுக்கு இந்த இடம் பழக்கமானது. ஒரு சிஸ்டம் விழுந்துவிட்டால் முதலில் யாரும் லாக் கோப்பில் கைவைக்கக் கூடாது. அது அசிங்கமாக இருக்கும், படிக்கவே முடியாது, ஆனால் என்ன நடந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. சரிசெய்யலாம், தாராளமாகச் சரிசெய்யலாம். சரிசெய்தது எது, முன்பு இருந்தது எது என்று பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும். நினைவுச்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான 1964-ஆம் வருட வெனிஸ் சாசனம் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது: இல்லாத பகுதியைப் புதிதாகச் சேர்த்தால் அது முழுமையோடு இசைந்து போகவும் வேண்டும், அசலிலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும்.

துருவை நீக்கு, ஓட்டையை நீக்காதே. இதை ஒரு சுலபமான விதியாக வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். முடிக்க முடியாததற்குக் காரணம், ஓட்டை தானாகப் பேசாது. அதற்குப் பக்கத்தில் ஒரு பலகை வேண்டும். பலகையை எழுதுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஜெயித்தவரின் ஆள்.

*

யாழ்ப்பாணம் போகும் ஏ9 சாலையில், ஆனையிறவில், ஒரு புல்டோசர் நிற்கிறது. 1991 ஜூலையில் ஆனையிறவு ராணுவ முகாமைப் பிடிக்க விடுதலைப் புலிகள் நடத்திய பெரும் தாக்குதலில் பயன்பட்டது. மண் தள்ளும் வண்டிக்கு மேல் இரும்புத் தகடுகளை வைத்து வெல்டிங் செய்து டாங்கி மாதிரி ஆக்கியிருந்தார்கள். காமினி குலரத்ன என்ற சிங்கள ராணுவ வீரர் கையெறி குண்டுகளோடு அதன் மேல் ஏறி அதை நிறுத்தினார், அதில் இறந்தார். இலங்கையின் மிக உயர்ந்த போர் விருதான பரம வீர விபூஷணய முதலில் அவருக்குத்தான் வழங்கப்பட்டது. போர் முடிந்தபின் அந்த இடம் நினைவிடம் ஆனது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நான் அந்த புல்டோசரைப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். முதலில் என் கண் போனது வெல்டிங் ஒட்டுகளுக்கு. பழக்கதோஷம். எந்தத் தொழிற்சாலையும் இல்லாமல் ஏதோ ஒரு பட்டறையில், கிடைத்த தகட்டை வெட்டி வளைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆரப்பாளையத்து அண்ணன் பார்த்தால் ஒட்டைத் தடவிப் பார்த்து "கைக்காரன்யா" என்பார். அடுத்த நொடியில்தான் தோன்றியது: இதன் உள்ளே யார் இருந்தார்கள்?

என் மொழி பேசுகிறவர்கள். அவர்களுக்கும் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, அம்மா இருந்தார். அந்தச் சண்டையில் இரண்டு தரப்பிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். ஆனால் புல்டோசர் நினைவிடமாக நிற்பது ஒரே ஒரு பெயருக்காக. குலரத்னவின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஓடும் இரும்பின் மேல் ஏறிய ஒரு இளைஞனை எந்த நாட்டவனாக இருந்தாலும் மதிக்கத்தான் வேண்டும். எனக்குத் தைப்பது வேறு. அந்த இரும்பு அங்கே நிற்பதன் பொருள், உள்ளே இருந்தவர்களை வெறும் இரும்பாக ஆக்கிவிட்டது என்பது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, யாழ்ப்பாணத்துக் கோப்பாய். புலிகளின் மாவீரர் துயிலும் இல்லம் அங்கே இருந்தது. போருக்குப் பிறகு கல்லறைகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டு, அந்த இடத்தில் 2011-ல் ராணுவத்தின் 51-வது படைப்பிரிவுத் தலைமையகம் எழுந்தது. ஆயுதம் பாதுகாக்கப்படுகிறது, அதை ஏந்தியவனின் கல்லறை இடிக்கப்படுகிறது. டெபோராவில் டாங்கியும் கல்லறையும் ஒரே வேலிக்குள் இருந்ததை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். 'எதைப் பாதுகாப்பது' என்ற கேள்வி அருங்காட்சியகத் துறையின் தொழில்நுட்பக் கேள்வி இல்லை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

சரி, அந்த புல்டோசர் நம் கையில் இருந்திருந்தால்? கணினி முன் உட்கார்ந்து இதை எழுதும், படிக்கும் நாம் நேர்மையாக இருக்க வேண்டிய இடம் இது. தீபம் ஏற்றியிருப்போம், மாலை போட்டிருப்போம், உள்ளே இருந்தவர்களின் பெயரைப் பொன்னெழுத்தில் எழுதியிருப்போம். குலரத்னவின் பெயரை எழுதியிருப்போமா? பலகையின் கீழே, இந்த இயக்கம் சிறுவர்களைப் படையில் சேர்த்தது என்றோ, 1990-ல் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியது என்றோ ஒரு வரி இருந்திருக்குமா? இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தொண்டைமானின் கொட்டிலில் குறை சொன்ன ஔவை அதியமானின் உலைக்கூடத்தில் குறை சொல்லவில்லை. அந்தப் பழக்கம் நமக்கும் இருக்கிறது.

*

அப்படியானால் எதையுமே வைக்க வேண்டாம், உருக்கிவிடலாம் என்று ஒரு தரப்பு உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாளைக் கொழுமுனையாக அடிப்பது எல்லா மரபிலும் ஒரு நல்ல கனவு.

நம் நாட்டில் அது ஒரு விதமாக நடந்தும் இருக்கிறது. 1971 போரில் பங்கெடுத்த விமானந்தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்த், பணி ஓய்வுக்குப் பிறகு மும்பையில் சில வருடங்கள் அருங்காட்சியகமாக இருந்தது. பராமரிக்க முடியாமல் மூடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயும், கடைசியில் 2014-ல் உடைக்க ஆரம்பித்தார்கள். அந்த உலோகத்தைக் கொஞ்சம் வாங்கி பஜாஜ் நிறுவனம் 2016-ல் 'வி' என்று ஒரு பைக் விட்டது. விக்ராந்தின் உலோகம் இதில் இருக்கிறது என்பதுதான் விளம்பரம். இன்றைக்கும் காளவாசல் சிக்னலில் நின்றால் ஒரு வி15-ஐப் பார்க்கலாம். போர்க்கப்பல் ஒன்று பால் கேனைக் கட்டிக்கொண்டு போகிறது. எனக்குப் பிடித்த காட்சி அது. ஆனால் அந்த பைக்கிடம் போய் 1971-ல் என்ன நடந்தது என்று கேட்க முடியாது.

மதுரையே தன் கவசத்தைக் கழற்றிய ஊர்தான். 1764-ல் யூசுப் கான், நம் மருதநாயகம், மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து நின்றது இந்தக் கோட்டைக்குள்தான். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடிக்க முடிவுசெய்தார். இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த நிலத்தையே கொடுத்தார்கள். நாம் இன்று நடக்கும் வெளி வீதிகள் அப்படி வந்தவை. இடிப்பு வேலையில் இருந்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் வீதிப் பெயர்களாக இருக்கிறார்கள். ஊர் மூச்சுவிட்டது, வளர்ந்தது, நல்லதுதான். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மிச்சமிருக்கும் கோட்டைத் துண்டைத் தினமும் ஆயிரம் பேர் கடந்து போகிறார்கள். அது என்ன என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இடித்தவர்களின் பெயர் தெருவில் இருக்கிறது. அதன் மேல் நின்று செத்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

உருக்குவது மன்னிப்பு மாதிரித் தெரிகிறது. பல சமயம் அது மறதிதான்.

*

வைக்க வேண்டும், அழகுபடுத்தாமல் வைக்க வேண்டும், பலகையை நேர்மையாக எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்பதற்கு நம்மிடமே ஒரு முன்மாதிரி இருக்கிறது.

2006-ல் தேனி மாவட்டத்தில், வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்ற ஊரில் மூன்று நடுகற்கள் கிடைத்தன. தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்தவை. தமிழி எழுத்து, கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஒன்றில் உள்ள செய்தி, கூடல் ஊரில் நடந்த மாடுபிடி சண்டையில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கான கல் இது என்பது. அவ்வளவுதான். யார், எங்கே, எதனால். சிலையோ புகழ்ச்சியோ அவன் வைத்திருந்த வேலைப் பற்றிய வர்ணனையோ இல்லை. ஜெயித்தானா தோற்றானா என்பதுகூட இல்லை. எதனால் என்ற இடத்தில் கடவுளோ நாடோ வரவில்லை, மாடு வருகிறது. எவ்வளவு நேர்மையான பலகை!

நம் ஆட்கள் கல் நட்டது ஆயுதத்துக்கு இல்லை, ஆளுக்கு. பின்னால் அந்தக் கல்லும் சாமியாகி, படையல் வாங்கி, வம்சப் பெருமையாகவும் ஆனது உண்டு. அது கல்லின் பிழையில்லை.

போர் வண்டியை வைக்கிற யாரையும் இந்த மூன்று கேள்வியை வைத்து அளக்கலாம் என்று நினைக்கிறேன். இதன் உள்ளே யார் இருந்தார்கள்? எங்கே, எதனால் நின்றது? இதன் குழாய்க்கு முன்னால் யார் இருந்தார்கள்? மூன்றாவது கேள்வி நடுகல்லிலும் இல்லை, ஔவையிடமும் இல்லை. அதை நம் காலம்தான் சேர்த்தாக வேண்டும். ஒரு டாங்கியின் எடை, குழாயின் விட்டம், குதிரைத்திறன், வேகம் எல்லாவற்றையும் தசமப் புள்ளியோடு எழுதிவிட்டு இந்த மூன்றையும் எழுதாத பலகை, பொருட்காட்சிப் பலகை. டைகரை ஓட்டட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஓட்டி நிறுத்தியபின் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லட்டும்.

இதை நம் ஊரிலேயே போட்டுப் பார்க்கலாம். சென்னையை ஒட்டிய ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் வந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பில் 'விஜயந்தா' டாங்கிகளை அங்கே கட்டினார்கள், முதல் வண்டி 1965-ல் வெளியே வந்தது. தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் கை பட்ட டாங்கி. ஓய்வு பெற்ற விஜயந்தாக்களை இன்று நாட்டில் பல ஊர்களில், ராணுவ வளாக வாசல்களிலும் சாலைச் சந்திப்புகளிலும் பார்க்கலாம். மகாராஷ்டிரத்தில் அகமதுநகர் டாங்கி அருங்காட்சியகத்தில் அது சென்சூரியன், பேட்டன் எல்லாவற்றோடும் நிற்கிறது. பெரும்பாலான இடங்களில் பச்சை பெயின்ட் புதுசாக இருக்கும். பிள்ளைகள் குழாயைப் பிடித்துத் தொங்குவார்கள், அப்பா படம் எடுப்பார்.

அப்படி ஒரு வண்டியின் பலகையை நான் எழுத வேண்டியிருந்தால், வண்டியின் எண்ணையும் ஆவடியில் எந்த வருடம் கட்டியது என்பதையும் முதலில் போடுவேன். கட்டியவர்களில் சிலரின் பெயரையாவது தேடிப் பிடிப்பேன், அவர்களில் பலர் இன்றும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் பேரப்பிள்ளைகளோடு இருப்பார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று படைப்பிரிவின் ஆவணத்தில் கேட்பேன். இந்த வண்டி ஒருமுறைகூடச் சுடாமலே ஓய்வு பெற்றிருந்தால் அதையும் பெருமையாகவே எழுதுவேன். சுட்டிருந்தால், எங்கே, யாரை.

இதில் பாதிக்குப் பதில் கிடைக்காது. மென்பொருளில் நாங்கள் ஒன்றைக் கவனமாகப் பிரித்துவைப்போம். ஒரு கட்டத்தில் பூஜ்யம் இருப்பது வேறு, அந்தக் கட்டம் காலியாக இருப்பது வேறு. பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. காலி என்றால் இன்னும் யாருமே எண்ணவில்லை. இரண்டையும் குழப்பினால் கணக்கே தப்பாகும். நம் போர் நினைவிடங்கள் காலிக் கட்டங்களையெல்லாம் பூஜ்யம் மாதிரிக் காட்டுகின்றன, அங்கே யாருமே இருக்கவில்லை என்பதுபோல.

அதனால் பலகையில் அந்தக் கட்டத்தை அழிக்காமல் விட்டுவைக்க வேண்டும். 'இதன் முன்னால் இருந்தவர்கள்' என்று எழுதி, எதிரே 'இன்னும் தெரியவில்லை' என்று எழுத வேண்டும். குழாயில் தொங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை என்றைக்காவது எழுத்துக்கூட்டி அதைப் படிக்கும். படித்துவிட்டு அப்பாவிடம் அது யார் என்று கேட்கும். அந்த அப்பாவுக்குப் பதில் தெரியாமல் போகலாம், பரவாயில்லை. கேள்வி வந்துவிட்டதென்றால் அந்த இரும்பு அங்கே நிற்பதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது.